கண்டவர் ஆயிரம் – கைகொடுத்தவர் எவர்?

1940-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 10-ஆம் நாள். ரோம் நகரில் மாளிகை மாடத்தின் மீது நின்று முசோலினி முழங்குகிறான். பிரிட்டன் மீதும் பிரான்சு மீதும் இத்தாலி போர் தொடுத்துவிட்டதென்று அறிவிக்கிறான். வானொலி அந்த முழக்கத்தைச் சிசிலித் தீவின் சிற்றூர் ஒன்றுக்கும் கொண்டுசேர்க்கிறது. ஊர் கேட்கிறது, கேட்டுக் கைதட்டுகிறது. வருவது வாழ்வன்று, சாவு என்பதை அறியாமல் வாழ்த்தொலி எழுப்புகிறது! அதே நாளில், அதே ஊரில், பன்னிரண்டு வயதைத் தாண்டிய சிறுவனொருவன் புதுச் சைக்கிள் ஒன்றைப் பெறுகிறான். அதிலேறிக் கடற்கரைச் சாலைக்கு ஓடுகிறான். அங்கே மதிற்சுவர்மீது வரிசையாக அமர்ந்திருக்கும் விடலைகளோடு தானும் அமர்கிறான். சாலையில் ஒரு பெண் நடந்து வருகிறாள். சிறுவன் பார்க்கிறான். அன்று தொடங்கிய பார்வை போர் முடியும் வரை அவளை விட்டு அகலவில்லை.

இவ்வாறு தொடங்குகிறது 'மலேனா' எனும் இத்தாலியத் திரைப்படம். 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. லூச்சியானோ வின்சென்சோனி எழுதிய கதையை, சிசிலியிலேயே 1956-இல் பிறந்த ஜூசெப்பே டோர்னட்டோரே இயக்கினார். 'சினிமா பாரடைசோ' படத்தால் உலகறிந்தவர் அவர். மலேனாவாக மோனிக்கா பெலூச்சியும், சிறுவன் ரெனாட்டோவாக ஜூசெப்பே சுல்ஃபாரோவும் நடித்தனர். என்னியோ மோரிக்கோனியின் இசையும், லஜோஸ் கோல்தாயின் ஒளிப்பதிவும் ஆஸ்கார் பரிசுக்கான போட்டிப் பட்டியலில் இடம்பெற்றன.

முதற்காதலைப் பற்றிய இனிய நினைவுப் படம் என்பது இதற்குக் கிடைத்த பெயர். வயது முதிர்ந்த ரெனாட்டோ தன் இளமையை எண்ணிப் பார்ப்பதாகக் கதை சொல்லப்படுகிறது. கடல் மின்னுகிறது, வெயில் பொன்னாகிறது, இசை நெஞ்சைப் பிசைகிறது. ஆகவே, பார்த்தவர் பலரும், "அடடா, அரும்பு மீசைப் பருவத்துக் காதலை எவ்வளவு அழகாகக் காட்டிவிட்டார்!" என்று வியந்தனர். நாம் அதை மறுக்கவில்லை. ஆனால், அந்தப் பொன்வெயிலின் அடியில் நடப்பது என்ன? ஓர் ஊர் கூடி, ஒரு பெண்ணின் வாழ்வைச் சிறுகச் சிறுகக் கொன்ற கதை! காதற்கதை என்று வந்தது, உண்மையில் ஒரு குற்றப் பத்திரிகை. அதைக் காதலென்று மட்டும் படித்துவிட்டு எழுந்து போவோமானால், குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டிய ஊருக்கு நாமே விடுதலைத் தீர்ப்பு வழங்கியவர்களாவோம்.

எறும்பும் பூதக்கண்ணாடியும்

படத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிறு காட்சி. சிறுவர்கள் சிலர் பூதக்கண்ணாடி வழியே வெயிலைக் குவித்து எறும்பொன்றைப் பொசுக்குகிறார்கள். எறும்பு அவர்களுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. கையில் கண்ணாடி இருக்கிறது, மேலே வெயில் இருக்கிறது, கீழே எளிய உயிர் இருக்கிறது. அவ்வளவு போதும், அவர்கள் விளையாட!

மலேனாவுக்கு நேர்ந்ததும் இதுவே. ஊரின் கண்கள் அனைத்தும் ஒன்றுகுவிந்து அவள்மீது விழுகின்றன. அவள் செய்த குற்றந்தான் யாது? அழகாக இருந்தாள்; அது ஒன்று. மணமாகிச் சில நாட்களிலேயே கணவன் நினோ ஸ்கோர்தியா போருக்குச் சென்றுவிட்டான், அது மற்றொன்று. அழகுள்ள பெண், ஆண்துணை அற்ற பெண்! ஆண்களுக்கு அவள் ஆசைப்பொருள். பெண்களுக்கு அவள் அச்சப்பொருள். வம்பர்களுக்கு அவள் வற்றாத ஊற்று. அவள் கடைக்குப் போனால் ஒரு கதை, போகாமல் கதவடைத்தால் மற்றொரு கதை. அவள் எவரையும் நிமிர்ந்து பார்த்தறியாள். "பார்த்தாயா, எத்தனை திமிர்!" என்கிறது ஊர். யாரையேனும் பார்த்திருந்தால், "பார்த்தாயா, எத்தனை துணிவு!" என்றிருக்கும். தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது; சான்றுகள் பின்னர் திரட்டப்படுகின்றன.

அவள் தந்தை போன்சின்யோரே இலத்தீன் மொழி கற்பிக்கும் ஆசிரியர், காது மந்தம். அந்தக் குறையைப் பயன்படுத்தி, அவர் வகுப்பு மாணவர்களே அவர் மகளைப் பற்றி அவரிடமே இழிமொழி பேசுகிறார்கள். அவருக்கு அது விளங்காது, வகுப்பு சிரிக்கும். பெண்ணை இழிவுபடுத்துவது அவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். ஆனால் அனைவரும் தேறிய பாடம்!

ரெனாட்டோவும் இந்தப் பள்ளியில் படித்தவன்தான். சுவரின் துளைவழியே அவள் வீட்டுக்குள் பார்க்கிறான். அவள் கேட்கும் பாட்டின் இசைத்தட்டைத் தேடி வாங்குகிறான். அவள் உள்ளாடையைத் திருடி வந்து வீட்டில் அடிபடுகிறான். அரைக்காற்சட்டையைக் கழற்றியெறிந்து நீளக் காற்சட்டை போட்டால் ஆண்மகனாகிவிடலாம் என்று தவிக்கிறான். திரைப்படங்களில் கண்ட காதலர்களைப் போலத் தன்னையும் அவளையும் இணைத்துக் கனவு காண்கிறான். பருவத்தின் பைத்தியம், சிரிக்கலாம், குற்றமில்லை. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அவன் மறைந்து நின்று பார்ப்பதை அவள் அறியாள். அவள் இசைவை அவன் கேட்கவும் இல்லை. ஊர் வெளிப்படையாகச் செய்ததை அவன் ஒளிந்திருந்து செய்தான். வேறுபாடு ஒன்றே: ஊர் பார்த்து அவளைப் பழித்தது, அவன் பார்த்து அவளுக்காக வருந்தினான். அந்த வருத்தம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதே இந்தப் படத்தின் உயிர்.

கைம்மையும் நீதிமன்றமும்

நினோ போரில் மாண்டான் என்ற செய்தி வருகிறது. நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரனின் மனைவி! ஊர் அவளைத் தாங்கியிருக்க வேண்டாமா? 'தனித்துவிட்டாள்' என்பது மட்டுமே ஊருக்குக் கேட்டது. கணவன் இருந்தபோது எட்டி நின்ற கூட்டம், கணவன் இல்லை என்றதும் கிட்ட வருகிறது. இரவில் அவள் வாயிலில் படை அதிகாரி ஒருவனும் பல் மருத்துவன் ஒருவனும் மோதிக்கொள்கிறார்கள். மோதியவர் இருவரும் ஆண்கள். வழக்கில் சிக்கியவள் அவள்! மருத்துவனின் மனைவி நீதிமன்றம் ஏறுகிறாள். அதிகாரியோ கைகழுவிக்கொண்டு அப்பால் போய்விடுகிறான்.

சென்டோர்பி என்னும் வழக்கறிஞன் அவளுக்காக வாதாடுகிறான். அவள் குற்றம் அழகு ஒன்றே என்னும் பொருள்பட முழங்குகிறான், மன்றம் மயங்குகிறது, அவள் விடுதலை பெறுகிறாள். நீதி வென்றது என்று நாம் மகிழ்வதற்குள் அடுத்த காட்சி வருகிறது. கட்டணம் கொடுக்க அவளிடம் பணமில்லை. வழக்கறிஞன் அவள் வீட்டுக்கு வந்து, அவள் உடலையே கட்டணமாக எடுத்துக்கொள்கிறான். பகலில் மன்றத்திலே அவள் மானத்தைக் காத்த கை, அதே மானத்தைத் தனியறையில் சூறையாடுகிறது. சட்டம் படித்தவன்; சான்றோன் என்று பெயர் வாங்கியவன்; அவனை எந்த மன்றமும் விசாரிக்கவில்லை.

இது கற்பனைக் கதையின் மிகைப்படுத்தல் என்று எவரேனும் நினைத்தால், அந்நாளைய இத்தாலியின் சட்டப் புத்தகத்தைப் புரட்டட்டும். பாசிச ஆட்சி 1930-இல் இயற்றிய குற்றவியல் சட்டத்தின் 559-ஆம் பிரிவின்படி, கற்பு பிறழ்ந்த மனைவிக்கு ஓராண்டு வரை சிறை. கணவனுக்கோ? வைப்பாட்டியை மனைவி வாழும் வீட்டிலேயே வைத்திருந்தால், அல்லது ஊரறியப் பிற இடத்தில் வைத்திருந்தால் மட்டுமே குற்றம்! 587-ஆம் பிரிவு இன்னும் கொடிது. தகாத உறவில் கண்ட மனைவியை, மகளை, உடன்பிறந்தாளைச் சினத்தில் கொன்றுவிட்டு, 'மானத்துக்காகக் கொன்றேன்' என்று சொன்னால் தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகளே. பெண்ணின் உயிருக்கு இத்தனை மலிவு விலை! ஊரார் மலேனாவை நடத்திய முறைக்கு நாட்டின் சட்டமே ஆசானாக இருந்தது.

சிலையும் பேயோட்டமும்

படத்தில் மதம் நகைச்சுவையாக வருகிறது. ஆனால் அந்த நகைப்பிலே நெருப்பு இருக்கிறது. ரெனாட்டோ கோயிலுக்குப் போகிறான். புனிதர் ஒருவரின் சிலை முன்னே நின்று பேரம் பேசுகிறான்: 'நான் வளர்ந்து ஆளாகும்வரை மலேனாவைக் காப்பாற்று, நாள்தோறும் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்!' ஏற்றவும் செய்கிறான். வத்திகள் உருகுகின்றன, அவள் வாழ்வும் உருகுகிறது. சிலை கை நீட்டவில்லை. ஆத்திரங்கொண்ட சிறுவன் அதன் கையை உடைத்துவிடுகிறான். பகுத்தறிவு நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதைப் பாலகன் ஒரே அடியில் சொல்லிவிட்டான்! எந்தக் கல்லும் அவளைக் காக்கப்போவதில்லை. காக்க வேண்டியவர்கள் கையும் காலும் வாயும் உள்ள மனிதர்கள். அவர்களோ கைகட்டி நின்றார்கள்.

மகன் பித்துப்பிடித்தவன்போல் திரிவதைக் கண்டு, பேய் பிடித்ததோ என்று தாய் அஞ்சுகிறாள். பாதிரியாரை அழைத்துப் பேயோட்டுகிறார்கள். பேய் ஓடவில்லை, இருந்தாலல்லவா ஓட? பின்னர் தந்தை தன் மருந்தை எடுக்கிறார். மகனை அழைத்துக்கொண்டு விலைமாதர் விடுதிக்குப் போகிறார்.

இங்கே சற்று நிற்க வேண்டும். அந்நாளில் இத்தாலியில் விலைமாதர் விடுதிகள் அரசின் உரிமம் பெற்றே நடந்தன. ஊரின் நல்ல குடும்பத்துத் தந்தை தன் மகனைக் கைபிடித்து அழைத்துச் செல்லலாம். அதில் மானக்கேடு இல்லை. அந்த ஊர்தான் பின்னர், வயிற்றுக்கு வழியின்றி அதே தொழிலில் வீழ்ந்த மலேனாவை, 'மானத்தைக் கெடுத்தவள்' என்று நடுத்தெருவில் அடித்தது! வாங்குபவனுக்கு உரிமம், விற்பவளுக்கு உதை. ஒழுக்கம் என்று உரக்கப் பேசும் ஊரின் உண்மை உருவம் இந்த இரண்டு காட்சிகளுக்கு இடையே தெரிகிறது.

ரொட்டியின் விலை

தந்தையும் மகளும் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தனர். அதையும் ஊர் பொறுக்கவில்லை. அவள் நடத்தையை இழித்துரைத்து ஆசிரியருக்குக் கடிதமொன்று வருகிறது. எழுதியவன் பெயரில்லை. பெயரற்ற கடிதத்தைப் படித்த தந்தை மகளுக்குக் கதவை அடைக்கிறார். பெற்றவரின் காதில் விழாத பழியை, பேடி ஒருவன் அவர் கண்ணில் திணித்தான். பின்னர் வானூர்திகள் குண்டு பொழிகின்றன, தந்தையும் மாள்கிறார். கணவனில்லை, தந்தையில்லை, ஊதியமில்லை. அங்காடியில் அவளுக்குச் சாமான் தர ஆளில்லை.

பசி வருகிறது. மாவும் சர்க்கரையும் கொண்டுவரும் ஆண்கள் விலை கேட்கிறார்கள். அவளிடம் இருக்கும் ஒரே விலைப்பொருளை எடுத்துக்கொள்கிறார்கள். ஊர் நெடுநாளாக எதைப் பொய்யாகச் சொல்லிவந்ததோ, அதை மெய்யாக்கும்வரை அவளை விடவில்லை. ஒருநாள் அவள் தன் கருங்கூந்தலை வெட்டுகிறாள், செந்நிறமாக மாற்றிக்கொள்கிறாள். ஊரின் நடுச்சதுக்கத்துக்கு வந்து நாற்காலியில் அமர்கிறாள். சிகரெட்டை எடுத்து உதட்டில் வைக்கிறாள். எடுத்த கணத்தில் எட்டுத் திசையிலிருந்தும் நெருப்பு ஏந்திய கைகள் நீளுகின்றன!

ஆயிரம் சொற்பொழிவுகள் சொல்ல முடியாததை அந்த ஒரே காட்சி சொல்கிறது. பசித்தபோது ரொட்டி நீட்டாத கைகள். வழக்கில் சிக்கியபோது சாட்சி சொல்ல உயராத கைகள். தந்தை மாண்டபோது கண்ணீர் துடைக்க வராத கைகள். அவள் விலைமகளானதும் விரைந்து வருகின்றன, நெருப்புக் கொடுக்க! ஊர் அவளுக்குக் கொடுத்தது நெருப்பு ஒன்றே.

சதுக்கத்தில் நடந்த தீர்ப்பு

1943 ஜூலை 10-ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் சிசிலியில் இறங்கின. அதே திங்கள் 25-ஆம் நாள் முசோலினி பதவியிழந்தான். ஆகஸ்டு 17-ஆம் நாளுக்குள் தீவு முழுதும் விடுபட்டது. நேற்றுவரை முசோலினிக்குக் கைதட்டிய ஊர் இன்று அமெரிக்கருக்குக் கைதட்டுகிறது. முன்னைய முழக்கத்தை மறக்கவேண்டும். தன் கறையைக் கழுவவேண்டும். கழுவுவதற்கு ஒரு பலி வேண்டுமே! ஜெர்மானியச் சிப்பாய்களோடு பழகிய மலேனா கிடைத்துவிட்டாள்.

பெண்கள் கூட்டமாக வந்து அவளைத் தெருவுக்கு இழுக்கிறார்கள். ஆடையைக் கிழிக்கிறார்கள், அடிக்கிறார்கள், கூந்தலைக் கத்தரிக்கிறார்கள். குருதி சொட்ட அவள் கதறும் கதறலுக்குச் சொல் இல்லை. சுற்றி நிற்கும் ஆண்கள் யார்? அவள் கதவைத் தட்டியவர்கள். சிகரெட்டுக்கு நெருப்பு நீட்டியவர்கள். ஒருவனும் ஓரடி முன்வரவில்லை. ரெனாட்டோவும் நிற்கிறான், பார்க்கிறான், அவன் காதலுக்கும் அன்று காலில்லை, கையில்லை.

இதுவும் கற்பனையன்று. ஜெர்மானியரோடு பழகியவர்கள் என்று குற்றஞ்சாட்டி, பிரான்சு நாட்டில் மட்டும் 1943 முதல் 1946 வரை ஏறத்தாழ 20,000 பெண்களின் தலை மழிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டுள்ளனர். எதிரிக்குத் தானியம் விற்றவன், தளவாடம் செய்தளித்தவன் பலரும் பணப்பையோடு தப்பினர்; பெண்ணின் தலைமயிருக்கு மட்டும் தப்ப வழியில்லை. போரை மூட்டியவர்கள் ஆண்கள், தோற்றவர்கள் ஆண்கள், வென்றவர்கள் ஆண்கள். கணக்குத் தீர்க்கப்பட்டதோ பெண்ணின் உடலில்!

"அடித்தவர்கள் பெண்கள்தாமே! பெண்ணுக்குப் பெண்ணே பகை என்பது மெய்யாயிற்றல்லவா?" என்று கேட்போர் உண்டு. கேட்பவர் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்கு மறுமொழி கூறுவோம். அந்தப் பெண்களுக்குச் சொத்து எது? வேலையில்லை, வாக்குரிமையில்லை, மணவிலக்கு உரிமையில்லை. கணவன் ஒருவனே அவர்களுக்குச் சோறு, கூரை, மதிப்பு எல்லாம். அந்தக் கணவன் வேறொருத்தியை நோக்கினால், அவன்மீது கைவைக்க முடியாது. கைவைத்தால் சோறு போகும். ஆகவே, கை எட்டிய இடத்தில் அடித்தார்கள். அடிமை தன் ஆண்டையை அடிக்க அஞ்சி, பக்கத்து அடிமையை அடிப்பது போன்றது அது. அவர்கள் செய்தது கொடுமை, ஐயமில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்குக் கருவி செய்து கையில் கொடுத்தவன், கைகளைப் பையில் விட்டுக்கொண்டு அதே சதுக்கத்தின் ஓரத்தில் நின்றான்.

பெயரிட்ட கடிதம்

மலேனா மெசினா நகருக்குத் தொடர்வண்டி ஏறிப்போகிறாள். கதை முடிந்ததென்று ஊர் மூச்சுவிடுகிறது. அப்போது நினோ திரும்பி வருகிறான்! மாண்டவன் மாளவில்லை, ஒரு கையை இழந்து வந்திருக்கிறான். அவன் வீட்டில் அகதிகள் குடியிருக்கிறார்கள். "என் மனைவி எங்கே?" என்று வீடுவீடாகக் கேட்கிறான். ஊமையாகிறது ஊர், அல்லது ஏளனச் சிரிப்புச் சிரிக்கிறது. ஓயாமல் அவளைப் பற்றிப் பேசிய நாவுகள், பேசவேண்டிய நேரத்தில் பேசவில்லை.

பேசுகிறான் ரெனாட்டோ. நேரில் சொல்ல அவனுக்குத் துணிவில்லை. ஆகவே கடிதம் எழுதுகிறான். 'உங்கள் மனைவி உங்களையே நேசித்தாள். நடந்தவை பல உண்டு. ஆனால் அப்போது நீங்கள் இறந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம். அவள் மெசினாவுக்குப் போயிருக்கிறாள்' என்று உண்மையை உள்ளபடி எழுதுகிறான். மறைக்கவில்லை, மெழுகவில்லை. பெயரற்ற கடிதங்களைப் போல 'நண்பன்' என்று முடிக்க நினைத்தவன், அதை விடுத்து, தன் பெயர் ரெனாட்டோ என்று எழுதுகிறான்.

அவன் ஆண்மகனான நேரம் அதுவே. நீளக் காற்சட்டை அவனை ஆளாக்கவில்லை; விடுதி அவனை ஆளாக்கவில்லை. பெயரைப் போட்டு உண்மையை எழுதிய அந்த ஒரு வரி ஆளாக்கிற்று. இந்தப் படத்தில் இரண்டு கடிதங்கள் உண்டு. ஒன்று, பெயரை ஒளித்துப் பொய் சொல்லி ஒரு குடும்பத்தைக் குலைத்தது. மற்றொன்று, பெயரைப் போட்டு மெய் சொல்லி ஒரு குடும்பத்தைக் கூட்டியது. அவன் சுவர்த்துளை வழியே பார்த்ததெல்லாம் ஆசை. மருத்துவன் சன்னலில் கல்லெறிந்ததும், வம்பளந்தவர் கோப்பையில் எச்சில் உமிழ்ந்ததும் ஆத்திரம். இந்தக் கடிதம் ஒன்றுதான் காதல்! தனக்கென்று எதுவும் கேளாமல், அவளுக்குரியதை அவளுக்கு மீட்டுக்கொடுத்த காதல்.

வணக்கத்துக்குள் ஒளிந்த வஞ்சம்

ஓராண்டு கழிகிறது. நினோவும் மலேனாவும் கைகோத்து ஊருக்குள் நடந்து வருகிறார்கள். ஊர் திகைக்கிறது. பின்னொரு நாள் அவள் அங்காடிக்கு வருகிறாள். அன்று அடித்த பெண்கள் இன்று அவளை 'அம்மணி' என்கிறார்கள். முகத்தில் சுருக்கம் விழுந்துவிட்டது, உடல் சற்றுப் பருத்துவிட்டது என்று தமக்குள் பேசி நிறைவடைகிறார்கள். ஒருத்தி காலை வணக்கம் கூறுகிறாள். அங்காடி முழுதும் மூச்சடக்குகிறது. மலேனா பதில் வணக்கம் கூறுகிறாள். அனைவர் நெஞ்சமும் இளகுகிறது. காண்போர் கண்ணும் கலங்குகிறது.

கலங்கட்டும். ஆனால் கேட்போம்: ஊர் எதற்காக அவளை ஏற்றுக்கொண்டது? தன் தவற்றை உணர்ந்தா? "மன்னித்துவிடு" என்று ஒருத்தி சொன்னாளா, ஒருவன் சொன்னானா? இல்லையே! அவள் அருகே கணவன் நிற்கிறான், ஆகவே ஏற்றது. கணவன் போனான், கற்பும் போயிற்று. கணவன் வந்தான், கற்பும் வந்துவிட்டது! அழகு குறைந்தது, அச்சமும் குறைந்தது. மாறியது ஊரன்று; அவளுடைய நிலை. நாளையே வேறொருத்தியின் கணவன் மாண்டால், பழைய பூதக்கண்ணாடி மீண்டும் வெயிலைக் குவிக்கும். மன்னிப்புக் கேட்காத ஊருக்கு அவளே மன்னிப்பு வழங்குகிறாள். அவளுடைய பெருமை அது, ஊரின் பெருமையன்று.

இந்த இடத்தில் இயக்குநரோடு நமக்கு வழக்கு உண்டு. இசையை உயர்த்தி, வெயிலை இளக்கி, 'எல்லாம் நன்றாக முடிந்தது' என்ற மயக்கத்தை அவர் ஊட்டுகிறார். நினைவின் இனிமை, நிகழ்ந்த கொடுமையின் மீது சர்க்கரைப் பாகாக வழிகிறது. அதனினும் பெரிய குறை, படம் முழுதும் மலேனாவுக்கு ஏறத்தாழ வாயே இல்லை என்பது. அவள் நடக்கிறாள், அழுகிறாள், ஆடை மாற்றுகிறாள், அடிபடுகிறாள். பேசுவதோ மிகச் சில சொற்கள். ஊர் அவளைப் பேசவிடவில்லை என்று காட்டவந்த கலைஞர், தாமும் பேசவிடவில்லை! சிறுவனின் கண்வழியே கதை நடப்பதால் அவள் மனம் நமக்குத் தெரியாது என்பார்கள். உண்மைதான், ஆனால் அவள் உடல் மட்டும் அக்கண்வழியே மிக நன்றாகத் தெரிகிறதே! ஊரின் கள்ளப் பார்வையைக் கண்டிக்கும் ஒளிப்படக்கருவி, பல இடங்களில் அந்தப் பார்வையையே இரவல் வாங்கிக்கொள்கிறது. கண்டிக்கும் பொருளையே கடைச்சரக்காக்கும் இந்த வழக்கம் திரையுலகுக்குப் புதிதன்று. அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் சில காட்சிகளை வெட்டியே வெளியிட்டார்கள். ஆயினும் எந்தக் கத்தரியும் அவளுக்குச் சொற்களைக் கூட்டித் தந்துவிட முடியாது.

இத்தனையும் சொன்ன பிறகும், இந்தப் படம் பார்க்கத் தக்கதே என்போம். அதன் கலைஞர் தம் ஊரை நேசிக்கிறவர். நேசித்தும், அதன் புண்ணை மறைக்கவில்லை. புண்ணின் மேல் பூவைத் தூவினார் என்பதே நம் குறை.

வாய் திறந்த பெண்கள்

படம் நிறுத்திய இடத்தில் வரலாறு நிற்கவில்லை. 1946 ஜூன் 2-ஆம் நாள், முடியாட்சியா குடியாட்சியா என்று தீர்மானிக்க இத்தாலிய மக்கள் வாக்களித்தபோது, நாடு முழுதும் பெண்களும் வரிசையில் நின்றார்கள். லீனா மெர்லின் என்னும் பெண் உறுப்பினர் ஆண்டுக்கணக்கில் போராடி, 1958-இல் உரிமம் பெற்ற விலைமாதர் விடுதிகளை மூடவைத்தார். மனைவியை மட்டும் சிறையிடும் 559-ஆம் பிரிவை 1961-இல் செல்லும் என்று கூறிய அரசியலமைப்பு நீதிமன்றமே, 1968-இல் செல்லாது என்றது.

அதே சிசிலித் தீவில், அல்காமோ என்னும் ஊரில், 1965 டிசம்பரில் பிராங்கா வியோலா என்ற பதினேழு வயது மங்கையை ஒருவன் கடத்திச்சென்று கெடுத்தான். கெடுத்தவனே மணந்துகொண்டால் குற்றம் நீங்கிவிடும் என்றது அந்நாளைய சட்டத்தின் 544-ஆம் பிரிவு. ஊர் வழக்கமும் அதையே சொல்லிற்று. அவள், "மாட்டேன்" என்றாள். மகளின் பக்கம் தந்தை நின்றார். மிரட்டினார்கள், அவர்கள் அசையவில்லை. குற்றவாளி சிறை சென்றான். அந்த 544-ஆம் பிரிவும், மானக்கொலைக்குச் சலுகை தந்த 587-ஆம் பிரிவும் 1981-இல் ஒருங்கே ஒழிந்தன. பெண்மீது நிகழும் பாலியல் வன்முறை பொது ஒழுக்கத்துக்கு எதிரான குற்றம் என்றிருந்த நிலை மாறி, அந்தப் பெண்ணுக்கே இழைக்கப்பட்ட குற்றம் என்று சட்டம் ஒப்புக்கொள்ள 1996 ஆயிற்று.

மலேனாவுக்கும் பிராங்காவுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். தீவு ஒன்று, கடல் ஒன்று, வெயில் ஒன்று. ஒருத்தி பேசவில்லை, ஒருத்தி பேசினாள். பேசியவளைக் காலம் வென்றவளாக்கிற்று. பேசாதவளுக்காக ஒரு சிறுவன் பேசினான். தாமதமாகத்தான், ஆயினும் தன் பெயரைப் போட்டு.

படத்தின் இறுதியில், மலேனாவின் பையிலிருந்து ஆரஞ்சுப் பழங்கள் சிதறுகின்றன. ரெனாட்டோ ஓடிவந்து பொறுக்கித் தருகிறான். நலமாக வாழுங்கள் என்று வாழ்த்துகிறான். இத்தனை ஆண்டுகளில் அவளோடு அவன் பேசிய பேச்சு அவ்வளவே. தனக்கு நன்மை செய்தவன் இவன்தான் என்று அவள் அறியாள். அவனும் சொல்லவில்லை, சைக்கிளில் ஏறிப் போய்விடுகிறான்.

தோழர்களே! கண்டவர் ஆயிரம் பேர் இருந்த ஊரில், கைகொடுத்தவன் அந்தப் பொடியன் ஒருவனே. முதற்காதலின் இனிமையைப் பாட நூறு படங்கள் வரலாம். 'எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றி ஊர் பேசும்போது நீ என்ன செய்தாய்?' என்று கேட்கும் படம் அரிதாகவே வரும். இந்தப் படம் கேட்கிறது. பழி பரப்பும் பெயரற்ற கடிதமா, உண்மை உரைக்கும் பெயரிட்ட கடிதமா, நாம் எழுதப்போவது எது?